ஊருக்குப் போக பயமாக இருக்கும் பொங்கலை எப்படிக் கடப்பது

பொங்கலுக்கு ஊருக்குப் போவதை நினைத்தாலே சிலருக்கு வயிற்றைப் பிசையும். விவாகரத்துக்குப் பிறகு வரும் முதல் பொங்கலாக இருக்கலாம், அம்மாவோ அப்பாவோ இல்லாத முதல் பொங்கலாக இருக்கலாம். வேலை போயிருக்கும், அல்லது கரு கலைந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் “ஊருக்கு எப்போ கிளம்புறீங்க?” என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் தொண்டை அடைக்கும்.

இப்படி ஒரு பண்டிகையை முதல்முறையாகச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கும் அப்படி ஒரு பொங்கல் வந்தது. கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். தெருவை நிறைத்துக் கோலம் போட்டு, வாசலில் அடுப்புக் கட்டி வைத்து, பனை ஓலையைப் போட்டு எரித்துத்தான் எல்லா வீட்டிலும் பொங்கல் விடுவார்கள். பால் பொங்கிக் குலவை போட்டதும் வழக்கம்போல நான் அரிசியை அள்ளினேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, “நீ கொஞ்சம் தள்ளி நில்லு தாயி, மதினி போடட்டும்” என்றார். குரலில் கோபம் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. கையில் இருந்ததை மறுபடி அரிசி அளக்கும் படியில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே நின்று அழக்கூட முடியவில்லை, ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். சென்னைக்குத் திரும்ப டிக்கெட் ஆறாம் நாளுக்கு இருந்தது. ஆறு நாளும் அங்கேயே இருந்தேன்.

இன்றும் ஒவ்வொரு வருடமும் போகிறேன். ஆனால் எத்தனை நாள் தங்குவேன், எங்கே படுப்பேன், எந்த நேரத்தில் வெளியே நடந்துவிட்டு வருவேன் என்பதெல்லாம் சென்னையிலேயே முடிவாகிவிடும். நான் சொல்ல வருவதெல்லாம் இதுதான். பண்டிகையில் உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்ற அளவை, வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். உள்ளே போன பிறகு முடியாது. “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போயேன்” என்று அம்மா சொல்லும்போது நம் வாயில் சரி என்பதைத் தவிர வேறு எதுவும் வராது.

டிக்கெட் எடுக்கும் நாளிலேயே ஆரம்பியுங்கள்

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். ஆகவே நவம்பர் இரண்டாவது வாரத்தில் நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். பொதிகை, நெல்லை மாதிரி வண்டிகளில் பொங்கல் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். போகும் டிக்கெட்டுக்குக் காட்டும் அவசரத்தைத் திரும்பும் டிக்கெட்டுக்கும் காட்டுங்கள். திரும்பும் நாளுக்கான முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். அது கையில் இருப்பதே பாதி நிம்மதி.

முதல் வருடம் என்றால் இரண்டு இரவு போதும் என்பது என் கருத்து. எந்த இரண்டு என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கூட்டம்தான் பிரச்சினை என்றால் போகி அன்று போய், மாட்டுப் பொங்கல் இரவு வண்டி ஏறிவிடலாம். காணும் பொங்கல் அன்றுதான் தூரத்துச் சொந்தமெல்லாம் திரளும், அதைத் தவிர்த்துவிடுவீர்கள். குறிப்பிட்ட ஒருவர்தான் பிரச்சினை, அவர் பொங்கல் அன்று மட்டும் வந்துபோவார் என்றால், நீங்கள் மறுநாள் போங்கள்.

போகவே முடியாது என்று தோன்றினால் போக வேண்டாம். தை மாதத்துக்குக் கிட்டத்தட்ட முப்பது நாள் இருக்கிறது. அம்மாவைப் பார்க்க அடுத்த வாரம் போகலாம், வீடு அமைதியாக இருக்கும், அம்மாவுக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் வெடிக்கும். நவம்பரிலேயே போன் செய்து, “இந்தப் பொங்கலுக்குக் கூட்டத்துல இருக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. 25-ஆம் தேதி வந்து ரெண்டு நாள் உன்கூட இருக்கேன்” என்று, மாற்றுத் தேதியையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றும் பாரமும் நம் தலையில்தான் ஏறும்.

எது பயம் என்று எழுதிப் பாருங்கள்

‘பொங்கலே கஷ்டம்’ என்று நினைத்தால் நான்கு நாளும் ஒரே இருட்டாகத் தெரியும். ஒரு தாளை எடுத்து, யார், எந்த இடம், எந்த நேரம் என்று எழுதுங்கள். இரண்டாவது வருடம் நான் எழுதியதில் மூன்றுதான் தேறின. பானையில் அரிசி போடும் நேரம். மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லோரும் திண்ணையில் உட்காரும் நேரம். இரவு சித்தப்பா குடித்துவிட்டு வரும் நேரம். கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரம்கூட வரவில்லை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, அப்போது நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று எழுதினேன். அரிசி போடும்போது அடுப்புக்கு ஓலை தள்ளும் வேலையை எடுத்துக்கொள்வது. பனை ஓலை பற்றினால் சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிர நேரமே இருக்காது. கூட்டத்தை விட்டு விலகாமலே அந்த நிமிடத்தைக் கடக்க அது வழி செய்தது. மதியம் தம்பி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்விடுவது. இரவுக்கு, எதிர் வீட்டு அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி அங்கே படுத்துக்கொள்வது.

கேள்விகளுக்கு வாய்விட்டுப் பழகுங்கள்

“விசேஷம் ஏதும் உண்டா?” “எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போற?” “கையில எவ்வளவு வருது?” “அவன்கூட ஒரு தடவை பேசித்தான் பாரேன்?” கேட்கப்போவது இவைதான் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறோம், ஏனென்றால் பதிலை மனதில் வைத்திருக்கிறோமே தவிர வாயில் பழகியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக நான்கைந்து முறை சொல்லிப் பாருங்கள்.

பதில் சின்னதாக இருக்கட்டும். காரணம் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் அதை வைத்து வாதம் தொடங்கும். உடனே அவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். “அமையும்போது அமையும் அத்தை. உங்க மூட்டு வலி இப்போ எப்படி இருக்கு?” “ஏதோ போகுது மாமா. இந்த வருஷம் கண்மாய் நிறைஞ்சுதா?” மூட்டு வலியும் கண்மாய்த் தண்ணீரும் பேசித் தீராத விஷயங்கள். பெரும்பாலானவர்கள் பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமல்தான் நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். குத்திப் பார்க்க வேண்டும் என்றே கேட்பவர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு. இரண்டு பேருக்கும் இதே பதில் போதும்.

மூன்றாவது முறையும் விடாமல் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். “அதைப் பத்திப் பேசினா எனக்கு அழுகை வந்துரும் பெரியம்மா, வேற பேசுவோம்.” இதை நான் ஒரே ஒருமுறைதான் சொல்ல வேண்டி வந்தது. திண்ணையே ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு யாரோ கரும்பு வெட்டப் போனார்கள்.

கரு கலைந்தவர்கள், குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கவே வேண்டாம். அம்மாவிடமோ நாத்தனாரிடமோ, “அதைப் பத்தி யாரும் கேக்க வேண்டாம்னு முன்னாலேயே சொல்லி வைங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணவர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் இந்தப் பொறுப்பு கணவருடையது. அவருடைய சொந்தத்திடம் அவர்தான் பேச வேண்டும்.

இன்னொன்று, வீட்டுக்குள் உங்களுக்கென்று ஒரு ஆள் வேண்டும். தம்பியோ, அத்தை மகளோ, சித்தியோ யாராக இருந்தாலும் சரி. நீங்கள் எந்த நிலையில் வருகிறீர்கள் என்று அவருக்கு மட்டும் முன்பே சொல்லுங்கள். எனக்கு என் தம்பி. “கடைக்குப் போலாமாடா?” என்று நான் கேட்டால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், எதற்கு என்று கேட்க மாட்டான்.

பையில் எடுத்து வைக்க வேண்டியவை

மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தங்கும் நாளுக்கு மேல் நான்கு நாள் மாத்திரை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பொங்கல் நாட்களில் மருத்துவர் இருக்க மாட்டார், சின்ன ஊரில் மருந்துக்கடை திறந்திருந்தாலும் அந்த மாத்திரை இருக்காது. மாமியார் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று நான்கு நாள் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், அடங்கியிருந்த நோயும் திரும்பலாம். யாராவது கேட்டால் “டாக்டர் கொடுத்தது” என்று சொல்லுங்கள், அது போதும்.

அடுத்தது தூக்கம். கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறி, வழியெல்லாம் நெரிசலில் ஊர்ந்து, காலையில் போய் இறங்கியதும் நேராக அடுப்படிக்குள் நுழைகிறோம். தூங்காத உடம்புக்கு எல்லாப் பேச்சும் குத்தலாகத்தான் கேட்கும். “வந்ததும் ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு எழுந்துக்கிறேன்” என்று முந்தைய நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கூடத்தில் வரிசையாகப் படுக்கும் வீடு என்றால் ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள், காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

வீட்டில் இருக்கும்போது

ஒரு நாளைக்கு இரண்டு முறை, இருபது நிமிடமாவது வெளியே போங்கள். பால் வாங்க, மஞ்சள் குலை வாங்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட என்று பொங்கல் வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆண்களுக்கு இது எளிது. பெண்களுக்கு அடுப்படி வேலை விடாது, அதனால் வெளியே போகும் வேலையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணனையோ கணவரையோ தேங்காய் துருவ உட்கார வைத்துவிட்டுப் போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

காது சூடாவது, பல்லைக் கடிப்பது, விரல் நடுங்குவது என்று கோபமோ அழுகையோ வருவதற்கு முன் உடம்பு சொல்லிவிடும். அப்போது மொட்டை மாடிக்கோ குளியலறைக்கோ போய், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை போதும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும்.

ஆள் இல்லாத முதல் பொங்கல்

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது பல குடும்பங்களில் வழக்கம். அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, சிரித்த முகத்தோடு யாரையும் வரவேற்க வேண்டியதில்லை. ஆனால் பண்டிகை இல்லை என்று வைத்தாலும் அந்த நாள் வராமல் இருக்காது. தெரு முழுக்கக் குலவைச் சத்தம் கேட்கும்போது நம் வாசல் மட்டும் வெறுமனே இருக்கும். அதனால் அந்த நாளுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். படத்துக்கு விளக்கேற்றலாம், அவருக்குப் பிடித்த பலகாரம் ஒன்றைச் செய்யலாம், அவருடைய நண்பர் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். எதுவும் இல்லாமல் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தால் பொழுது நகரவே நகராது.

அப்பா போன பிறகு வந்த தையில் எங்கள் வீட்டில் யாரும் அவர் பேரை எடுக்கவில்லை. அம்மாவுக்கு வலிக்கும் என்று நாங்களும், எங்களுக்கு வலிக்கும் என்று அம்மாவும் காலையிலிருந்து பேசாமல் இருந்தோம். மதியம் தம்பி ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கிவந்து அவித்தான். தட்டில் வைத்தால் யாரும் தொடவில்லை. அப்பா இருந்தபோது நாங்கள் கிழங்கை உரித்ததே இல்லை. மேல்தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்து, விளிம்பு நாரையெல்லாம் நகத்தால் இழுத்துவிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாதான், “உங்கப்பா ஒரு நார் இருக்க விடமாட்டாரு” என்றார். அவ்வளவுதான், எல்லோரும் அழுதோம். பத்து நிமிடம் இருக்கும். அழுது முடித்து, அவரவர் உரித்துச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு.

யாராவது ஒருவர் தொடங்க வேண்டும். நீங்கள் தொடங்குங்கள். யாராவது அழுதால் “நல்ல நாளும் அதுவுமா அழாத” என்று அடக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் தாத்தா பற்றிப் பேசுங்கள். பெரியவர்கள் ரகசியமாகக் குசுகுசுப்பதுதான் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தும்.

குடியும் சண்டையும் உள்ள வீடு

மாட்டுப் பொங்கல் திருவள்ளுவர் நாளும்கூட, அன்று டாஸ்மாக் கடைகளுக்கு விடுமுறை. அதனால் முந்தைய நாளே பாட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், பொங்கல் அன்று இரவே பாதி தீரும். சொத்துப் பேச்சும் பழைய கணக்கும் அந்த நேரத்தில்தான் கிளம்பும். குடித்திருப்பவரிடம் நியாயம் பேசாதீர்கள். “காலையில பேசுவோம் சித்தப்பா” என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இருட்டுவதற்கு முன் பைக் சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள். பிள்ளைகளை எட்டு மணிக்குள் வேறு வீட்டில் தூங்க வையுங்கள்.

கை நீட்டினால் அது குடும்ப விஷயம் என்று பொறுத்துப் போகாதீர்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்குக் கணவரிடமிருந்து மட்டும் பாதுகாப்புத் தருவதில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் அப்பா, அண்ணன் கை நீட்டினாலும் அதன்படி புகார் கொடுக்கலாம்.

தினமும் அதிகம் குடிப்பவர் கடை மூடியதால் திடீரென்று நிறுத்த நேர்ந்தால், ஓரிரு நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு எல்லாம் வரலாம். அதை நடிப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே 108-க்குப் போன் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தாங்க முடியாமல் போனால்

இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அன்று இரவு தனியாகப் படுக்காதீர்கள். உங்களுக்கென்று வைத்திருக்கும் அந்த ஒரு ஆளிடம், இந்த வார்த்தையையே சொல்லுங்கள். ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகலாம். 14416 என்ற எண், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை. இலவசம், பண்டிகை நாளிலும் 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104-ஐயும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பிலும் தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்கள் பேசலாம். எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள், அந்த நேரத்தில் தேடத் தோன்றாது. பேசுவதற்குத் தனியிடம் வேண்டுமே என்று தயங்காதீர்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் அலுவலகப் பேச்சு என்றுதான் நினைப்பார்கள்.

திரும்பி வந்தபின்

முடிந்தால் ஒரு நாள் லீவை மிச்சம் வையுங்கள். இறங்கிய அன்றே அலுவலகம் போக வேண்டாம். குளித்துவிட்டுத் தூங்குங்கள். யார் என்ன சொன்னார், நான் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று மனம் ஓட்டிக்கொண்டே இருக்கும். அதை ஒருவரிடம் ஒரே ஒருமுறை முழுசாகச் சொல்லி இறக்கி வையுங்கள். இரண்டு வாரம் கழித்தும் தூக்கமோ பசியோ சரியாகவில்லை என்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அப்புறம், போவதற்கு முன் எழுதிய அந்தத் தாளை எடுத்து, எது நடந்தது, எது உதவியது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்த நவம்பரில் டிக்கெட் எடுக்க உட்காரும்போது தேவைப்படும். என் நோட்டில் போன தைக்கு எழுதியது இது: மூன்று இரவு இருந்தேன், நான்காவது வேண்டாம். ஓலை தள்ளியது நல்லது, தம்பி மகளும் கூட உட்கார்ந்தாள். பெரியம்மாவிடம் மூட்டு வலி கேட்டேன், முக்கால் மணி நேரம் பேசினார், போகும்போது கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.